அந்தந்த மண்ணுக்கு அந்தந்தப் பயறு

திருவனந்தபுரத்தின் தம்பானூர் பேருந்து நிலையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கும் மூன்று ஊர்களுக்குக் கேரளத்தின் காய்கறிப் பயிர் வரலாற்றில் தனி இடம் உண்டு. வடக்கே ஸ்ரீகாரியம், கிழக்கே வலியவிளை, தெற்கே வெள்ளாயணி. ஸ்ரீகாரியத்து வீட்டுத் தோட்டங்களில் கொடியேறிய நாட்டுப் பயறிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது ‘வெள்ளாயணி ஜோதிகா’. வலியவிளை நாட்டுப் பயறிலிருந்து வந்தது ‘ஷாரிகா’. திருவனந்தபுரத்தின் இன்னொரு நாட்டு வகையிலிருந்து கிடைத்தது ‘மாலிகா’. மூன்றையும் ரகமாக்கி உழவர்களுக்குக் கொடுத்தது கேரள வேளாண் பல்கலைக்கழகம். அந்தப் பல்கலைக்கழகம் பிறப்பதற்கு முன்பே, 1955இல், வெள்ளாயணி ஏரிக்கரையில் இருந்த திருவிதாங்கூர் மன்னரின் அரண்மனையில் வேளாண் கல்லூரி தொடங்கப்பட்டுவிட்டது.

முழ நீளத்துக்குக் காய்த்துத் தொங்கும் இந்தப் பயறைத்தான் மலையாளிகள் தோரனுக்கும் மெழுக்குப்புரட்டிக்கும் நறுக்குகிறார்கள். வட தமிழகத்தில் இதைக் காராமணி என்பார்கள். யாழ்ப்பாணத்தில் பயற்றங்காய் என்பார்கள். தம்பானூரை ஒட்டிய சாலைக் கம்போளத்தில் இது இல்லாத காய்கறிக் கடை இல்லை.

ஸ்ரீகாரியமும் வலியவிளையும் இன்று நகரத்துக்குள் வந்துவிட்டன. விளைகள் என்னும் வீட்டுத் தோட்டங்கள் வீட்டுமனைகளாகிவிட்டன. அந்த நாட்டுப் பயறுகளை அன்று யாரும் சேகரித்திருக்காவிட்டால் இன்று தேடிப் பிடிக்க முடியுமா என்பது ஐயமே. தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு மாறிக் கிடந்த விதைகளே நல்ல ரகங்களுக்கு மூலதனம். அவற்றைத் திரட்டி, நிலத்துக்கும் பருவத்துக்கும் ஏற்றபடி ரகங்களை உருவாக்கித் தருவது அரசின் கடமை. எல்லா நிலத்துக்கும் ஒரே விதைப் பொட்டலம் என்ற வழக்கம் இந்தக் கடமைக்கு நேரெதிரானது.

கலவைக்குள் இருக்கும் செல்வம்

பயறு தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். அதனால் ஒரு செடியின் குணம் பெரும்பாலும் மாறாமல் அதன் பிள்ளைகளுக்குப் போகிறது. ஆனால் ஒரு வீட்டில் பல தலைமுறையாக எடுத்து வைத்த விதை ஒரே குணமுடைய விதை அல்ல. அக்கம்பக்கத்தில் வாங்கியது, சம்பந்தி வீட்டிலிருந்து வந்தது, எப்போதோ தேனீ கலந்துவிட்டது என்று பல வம்சங்கள் அதில் சேர்ந்திருக்கும். ஒன்று நீளக் காய் காய்க்கும். ஒன்று சீக்கிரம் பூக்கும். ஒன்று மழையில் அழுகாமல் நிற்கும்.

பயிர் ஆராய்ச்சியாளர் செய்வது இந்தக் கலவையைப் பிரிப்பது. நல்ல செடிகளைத் தனித்தனியே குறித்து, ஒவ்வொன்றின் விதையையும் தனி வரிசையாக விதைத்து, பல பருவங்கள் ஒப்பிட்டுப் பார்த்து, சிறந்த வரிசையைப் பெருக்குவார்கள். வெள்ளாயணி ஜோதிகா இப்படித் தேர்வால் வந்த ரகம். பட்டாம்பி நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ‘கனகமணி’யும் இதே வழியில் குன்னங்குளத்து நாட்டுப் பயறிலிருந்து வந்ததுதான். இளங்காயாகப் பறித்துக் கறி வைக்கலாம். முற்றவிட்டால் பருப்பாகவும் எடுக்கலாம்.

தேர்வு போதாதபோது கலப்பு செய்ய வேண்டியிருக்கிறது. ஒன்றின் நோய் எதிர்ப்பையும் மற்றொன்றின் காய் நீளத்தையும் ஒரே செடியில் சேர்க்க, கலப்புக்குப் பின் ஏழெட்டுத் தலைமுறை காத்திருந்து குணம் நிலைபெற்ற வரிசைகளைப் பிரித்தெடுக்க வேண்டும். எதைச் செய்தாலும் அடிப்படை ஒன்றே. இல்லாத குணத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. சேகரிப்பில் எத்தனை வகை இருக்கிறதோ அத்தனைதான் நம் வாய்ப்பு.

ஒரு மாநிலம், பல நிலங்கள்

கேரளம் சிறிய மாநிலம். ஆனால் பயறுக்கு அது பல உலகங்கள். தென்னைக்கு அடியில் நிழல் விழும் வீட்டு விளை ஒன்று. புளிப்பு மிகுந்த செம்புரைக்கல் மண் இன்னொன்று. ஓணாட்டுக்கரையில் நீர் நிற்காத மணல். நெல் அறுத்த பின் தை, மாசியில் மிச்ச ஈரத்தை மட்டுமே நம்பி விதைக்கும் வயல் வேறு. மாநிலத்தின் சராசரி மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். திருவனந்தபுரத்தில் 1,800 அளவில்தான் பெய்கிறது. அதுவும் இரண்டு பருவமழைகளாகப் பிரிந்து பெய்கிறது.

இந்த நிலங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணத்தைக் கேட்கின்றன. நெல் தரிசில் விதைக்கும் பயறு குட்டையாக நிற்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் காய்கள் ஒரே சமயத்தில் முற்ற வேண்டும். வீட்டு வாசலில் பந்தலேறும் பயறுக்கு அதே குணம் குறையாகிவிடும். தினம் ஒரு பிடி பறிக்கும் குடும்பத்துக்கு, பல வாரம் விடாமல் காய்க்கும் கொடிதான் வேண்டும். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் வளரும் பயறுக்கு இலைக்கருகலையும் தண்டழுகலையும் தாங்கும் திறன் வேண்டும். கோடையில் வளரும் பயறுக்கு அசுவினியும் அது பரப்பும் தேமல் நோயும்தான் முதல் எதிரி.

பந்தலுக்கு மாலிகா, ஷாரிகா, ஜோதிகா. குத்துச்செடியாக வளர்ந்து சீக்கிரம் காய்க்க ‘பாக்யலட்சுமி’. காயும் பருப்புமாகப் பயன்பட கனகமணி. இந்தப் பட்டியல் நீண்டதற்குக் காரணம், மூல விதை பல ஊர்களிலிருந்து வந்ததுதான்.

பருவம் தவறும் காலத்தில் இந்தத் தேவை இன்னும் கூர்மையாகிறது. 2016 அக்டோபரில் மழை பொய்த்து, பதினான்கு மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று கேரள அரசு அறிவித்தது. இரண்டே ஆண்டில், 2018 ஆகஸ்டில், பெருவெள்ளம் வந்தது. அடுத்த பருவம் வறண்டதா, மூழ்குவதா என்று தெரியாத உழவர் ஒரே ரகத்தை நம்பி வாழ முடியாது.

ஆப்பிரிக்காவிலிருந்து வர வேண்டிய குணம்

பந்தலேறும் இந்த நீளப்பயறு தட்டைப்பயறு இனம்தான். தட்டைப்பயறின் தாய்நாடு ஆப்பிரிக்கா. இந்தியாவுக்கு அது வந்து 3,000 ஆண்டுகளுக்கு மேலாகிறது. காயை நீட்டி, நாரைக் குறைத்து, அதைக் கொடிக் காய்கறியாக்கியவர்கள் ஆசிய உழவர்கள். அந்தத் தேர்வில் காயின் மென்மை கூடியது. ஆனால் ஒரு சில வம்சங்களிலிருந்தே நீளப்பயறு முழுவதும் பெருகியதால் மரபு வளம் குறுகிவிட்டது. பூச்சியையும் நோயையும் தாங்கும் பல குணங்கள் ஆப்பிரிக்கப் பருப்பு வகைகளிலேயே தங்கிவிட்டன.

நைஜீரியாவின் இபாதான் நகரில் இருக்கும் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனம் உலகின் மிகப் பெரிய தட்டைப்பயறுச் சேகரிப்பை வைத்திருக்கிறது. 15,000க்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் அங்கே உள்ளன. சேமித்து வைத்த பயறைத் துளைக்கும் வண்டுக்கு எதிர்ப்புத் தேடி அங்கே பல ஆயிரம் மாதிரிகளைச் சோதித்தபோது, தேறியவை விரல்விட்டு எண்ணக்கூடியவையே. அந்த ஒரு சிலவற்றைக் கண்டுபிடிக்கத்தான் அத்தனை ஆயிரத்தையும் காப்பாற்றி வைக்க வேண்டியிருந்தது. சேகரிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

அந்த நிறுவனத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய இந்திய அறிவியலாளர் பி.பி. சிங், அறுபது எழுபது நாளில் முற்றும் குத்துப் பயறுகளை உருவாக்கினார். அந்த விதைகள் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்துக்கு வந்து ‘பந்த் லோபியா’ ரகங்களாயின. கோதுமை அறுத்து அடுத்த நெல் நடுவதற்குள் வட இந்திய வயலில் கிடைக்கும் சிறு இடைவெளிக்கு அவை பொருந்தின. ஆப்பிரிக்கச் சேகரிப்பு, வட இந்தியாவின் பயிர்ச் சுழற்சி, நடுவே அந்த இடைவெளியைக் குறிவைத்து உழைத்த ஒரு விஞ்ஞானி. நிலத்துக்கேற்ற பயறு உருவாகும் வழி இதுதான்.

இந்த வழிக்கு எல்லைகளும் உண்டு. பயறுக் காயைத் துளைக்கும் புழுவுக்கு வலுவான எதிர்ப்பு தட்டைப்பயறுக்குள் கிடைக்கவில்லை. தூரத்து உறவான காட்டுப்பயறு ஒன்றில் அது இருக்கிறது. ஆனால் அந்த இனத்தோடு கலப்பு கூடவில்லை. அதனால்தான் நைஜீரியா 2019இல் மரபணு மாற்றப்பட்ட பயறுக்கு அனுமதி கொடுத்தது. அந்தப் பாதை நமக்கு வேண்டுமா என்பது தனியாக நின்று விவாதிக்க வேண்டிய கேள்வி. ஆனால் ஒன்று உறுதி. நாட்டு ரகங்களிலும் காட்டு உறவுகளிலும் என்ன இருக்கிறது என்று முழுதாகத் தேடிப் பார்க்காமல், வேறு வழியில்லை என்று யாரும் சொல்லக்கூடாது.

அட்டப்பாடியிலும் வட்டவடையிலும்

அவரையின் கதை இன்னும் நெருக்கமானது. பந்தல் அவரை பகல் நேரம் குறைந்தால்தான் பூக்கும். ஆடியில் விதைத்தாலும் ஐப்பசி, கார்த்திகை வரை காத்திருந்து, தை, மாசியில் கொட்டிக் காய்க்கும். கோடையில் அதை எதிர்பார்த்துப் பயனில்லை. பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல் பூக்கும் வகைகளைக் கண்டெடுத்துத்தான் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் ‘ஹெப்பால் அவரை’ வரிசையைத் தந்தது. ஆண்டு முழுவதும் சந்தையில் அவரை கிடைப்பதற்கு இத்தகைய செடி அவரைகளே காரணம்.

ஆனால் பருவம் பார்த்துப் பூக்கும் பழைய அவரையைக் கழித்துவிட முடியாது. பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியின் கிழக்குப் பகுதி மழைமறைவு நிலம். அங்கே இருளர், முடுகர், குறும்பர் குடிகள் காத்துவந்த ஆட்டுக்கொம்பு அவரைக்கும் அட்டப்பாடித் துவரைக்கும் 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆட்டுக்கொம்பாய் வளைந்த அந்த அவரையின் தண்டிலும் காயிலும் ஊதா நிறமி மிகுதி; அதிலுள்ள பீனால் பொருள்கள் பூச்சிகளை எதிர்க்க உதவுகின்றன. விலை கொடுத்து வாங்கும் மருந்து இல்லாமல், மானாவாரியில், தன் பாதுகாப்பைத் தானே சுமந்து நிற்கும் செடி அது. அடுத்த தலைமுறை அவரைகளுக்குத் தாயாகும் தகுதி அதற்கு உண்டு.

இடுக்கியின் வட்டவடையிலும் காந்தளூரிலும் தமிழ் பேசும் உழவர்கள் பீன்ஸ் விளைவிக்கிறார்கள். இரவுக் குளிர் வேண்டும் பயிர் அது. இரவு வெப்பம் 20 டிகிரியைத் தாண்டத் தொடங்கினால் மகரந்தம் பழுதாகிப் பூ உதிரும். அதனால் மலை வெப்பமாகும்போது பீன்ஸ் மேலே மேலே நகரப் பார்க்கும். மலைக்கோ உச்சி உண்டு. கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இதே கவலைதான்.

இங்கும் பதில் மரபு வளத்தில் இருக்கிறது. மத்திய அமெரிக்காவிலும் ஆண்டிஸ் மலையிலும் தனித்தனியே பயிராக்கப்பட்டது பீன்ஸ். அதன் உறவினமான தெப்பாரி பீன்ஸ் மெக்சிகோ எல்லைப் பாலைநிலத்தில் விளைவது. கொலம்பியாவில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் மையம் இவ்விரண்டையும் கலந்து, வெப்பம் தாங்கும் ஏறத்தாழ 30 வரிசைகளை 2015இல் அறிவித்தது. அந்த மையத்தின் விதை வங்கியில் 37,000க்கும் மேற்பட்ட பீன்ஸ் மாதிரிகள் உள்ளன. அவற்றிலிருந்து வட்டவடைக்கும் கொடைக்கானலுக்கும் ஏற்றவற்றைக் கேட்டு வாங்கி, அங்கேயே விதைத்துப் பார்த்து, அங்குள்ள உழவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்வது நம் ஆராய்ச்சி நிலையங்களால் முடியாத காரியம் அல்ல.

வங்கியில் இருந்தால் போதுமா?

1976இல் தொடங்கப்பட்ட தேசியத் தாவர மரபுவளப் பணியகத்தின் விதை வங்கியில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் உள்ளன. ஈர வெப்பமண்டலப் பயிர்களுக்காகத் திருச்சூரில் அதற்கு ஒரு நிலையமும் இருக்கிறது. இது பெருமைக்குரிய சொத்து. ஆனால் உறைநிலையில் கிடக்கும் விதை தன் ஊரின் மாற்றங்களோடு சேர்ந்து மாறுவதில்லை. 2016இன் வறட்சியை அது காணவில்லை. 2018இன் வெள்ளத்தையும் காணவில்லை. ஒவ்வொரு பருவமும் தப்பிப் பிழைத்த செடியிலிருந்து எடுத்து வைக்கும் பாட்டியின் விதையில்தான் அந்த அனுபவம் சேர்ந்திருக்கிறது. விதை வங்கியும் வேண்டும். விதை விதைக்கப்பட்டுக்கொண்டிருக்கும் வீடும் வேண்டும்.

அந்த வீடுகளை நோக்கி அரசு போகும் வழிதான் இப்போது குறையாக இருக்கிறது. ‘ஓணத்துக்கு ஒரு முறம் காய்கறி’ போன்ற திட்டங்களில் கிருஷிபவன்கள் என்னும் வேளாண் அலுவலகங்கள் வழியே விதைப் பொட்டலங்கள் இலவசமாகக் கொடுக்கப்படுகின்றன. வீட்டுக்கு வீடு காய்கறி விளையட்டும் என்ற நோக்கம் பாராட்டத் தக்கது. ஒட்டன்சத்திரத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் லாரி வராவிட்டால் சமையல் நின்றுவிடும் நிலைமையிலிருந்து கேரளம் மீளத்தான் வேண்டும். ஆனால் பொட்டலங்களின் எண்ணிக்கையே வெற்றியின் அளவுகோலாகிவிட்டால், எந்த நிலத்துக்கு எந்த ரகம் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. பொட்டல விதை வந்த வீட்டில் பழைய விதைக் குடுவை பரணுக்குப் போகிறது. இரண்டு மூன்று ஆண்டில் அந்த விதையின் முளைப்புத்திறன் போய்விடும். உதவ வந்த திட்டமே மூலதனத்தை அழிக்கிறது.

யாருக்குச் சொந்தம்?

விதையைக் கொடுத்தவருக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்விக்கு இந்த மாவட்டமே ஒரு முறை உலகுக்குப் பதில் சொல்லியிருக்கிறது. அகத்தியமலைப் பழங்குடிகளான காணிக்காரர்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையிலிருந்து, பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ‘ஜீவனி’ மருந்தை உருவாக்கியது. 1995இல் அதன் தயாரிப்பு உரிமம் கோவை ஆர்ய வைத்திய நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. அந்த உரிமத்தால் வரும் வருவாயில் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவானது. 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவானது. மரபறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி முயற்சிகளில் ஒன்றாக அது உலகெங்கும் பேசப்பட்டது.

பயறு கொடுத்த ஸ்ரீகாரியத்துக் குடும்பங்களுக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இன்று அதற்கு வழி திறந்திருக்கிறது. உழவர் தம் நாட்டு ரகத்தைத் தம் பேரில் பதிவு செய்யலாம். அதை வைத்துப் புது ரகம் உருவானால் பயனில் பங்கு கோரலாம். விதையை எடுத்து வைக்கவும் மாற்றிக்கொள்ளவும் வணிகப் பெயரிடாமல் விற்கவும் உரிமை உண்டு.

பதிவு ஏன் அவசியம் என்பதற்குப் பீன்ஸிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. மெக்சிகோவில் காலங்காலமாக விளையும் மஞ்சள் பீன்ஸுக்கு ‘எனோலா’ என்ற பெயரில் 1999இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. மெக்சிகோவிலிருந்து அதை இறக்குமதி செய்தவர்களிடமே கட்டணம் கேட்கப்பட்டது. கொலம்பிய மையம் தன் விதை வங்கியில் இருந்த மஞ்சள் பீன்ஸைச் சான்றாகக் காட்டி எதிர்த்துப் போராடியது. 2009இல்தான் அந்தக் காப்புரிமை முழுதாக வீழ்ந்தது. விதையும் அதன் ஆவணமும் ஒரு பொது நிறுவனத்தின் கையில் இல்லாதிருந்தால் அந்த வழக்கு எழுந்தே இருக்காது.

செய்ய வேண்டியவை

ஊருக்கு ஒரு ரகம் என்றால் விதை உற்பத்தி கட்டுப்படியாகுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பரந்த நிலத்துக்குப் பொருந்தும் ஒரே ரகத்தைப் பெருக்குவது மலிவு. சிறு சிறு அளவில் பல ரகங்களைப் பெருக்குவது செலவு. மக்காச்சோள வீரிய ஒட்டு விதை என்றால் அந்த வாதம் வெல்லும். பயறோ தன் மகரந்தத்தால் பெருகுவது. ஒரு முறை நல்ல விதை கைக்கு வந்தால் உழவரே ஆண்டாண்டாக எடுத்து வைக்கலாம். குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் குத்தகை நிலத்தில் ஏற்கெனவே காய்கறி பயிரிடுகின்றன. விதை எடுக்கும் பயிற்சியும் நியாயமான கொள்முதல் விலையும் கொடுத்தால், அந்தந்த வட்டாரத்தின் விதையை அவர்களே கொடுப்பார்கள். தரம் பார்த்துப் பதப்படுத்த, ஆலத்தூரில் விதை நிலையம் நடத்திவரும் கேரளக் காய்கறி பழ வளர்ச்சிக் குழுமம் இருக்கிறது.

முதல் வேலை, எஞ்சியிருக்கும் விதையைத் திரட்டுவது. நெய்யாற்றின்கரை, நெடுமங்காடு, பாறசாலை பகுதிகளில் இன்னும் நாட்டுப் பயறும் அவரையும் வைத்திருக்கும் வீடுகளை, கல்லூரி மாணவர்களும் ஊராட்சிகளும் சேர்ந்து கணக்கெடுக்க வேண்டும். கொடுத்தவர் பெயர், ஊர், பருவம், அவர் சொல்லும் குணம் அனைத்தும் பதிவாக வேண்டும். இந்த வேலை மாநில எல்லையில் நின்றுவிடக் கூடாது. இன்று தமிழ்நாட்டில் இருக்கும் கல்குளமும் விளவங்கோடும் 1956 வரை இதே திருவிதாங்கூரோடு இருந்தவை; களியக்காவிளைக்கு இருபுறமும் மண்ணும் மழையும் விளையும் ஒன்றே. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் வம்பன் தேசியப் பயறு ஆராய்ச்சி மையமும் வெள்ளாயணியோடு ஒரே திட்டத்தில் அமர வேண்டும்.

இரண்டாவது, சோதனையை ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து உழவர் நிலத்துக்கு மாற்றுவது. தென்னை நிழலிலும் நெல் தரிசிலும் மழைக்காலத்திலும் தனித்தனியே விதைத்து, அங்கே சமைத்துச் சாப்பிடுபவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லா இடத்திலும் இரண்டாவதாக வரும் ரகத்தைவிட ஓரிடத்தில் முதலாவதாக நிற்கும் ரகம் அந்த இடத்து உழவருக்குப் பெரிது. ரக வெளியீட்டு விதிகளும் அதை ஏற்க வேண்டும்.

மூன்றாவது, பணம். ஒரு பயறு ரகத்துக்குக் கலப்பு முதல் வெளியீடு வரை எட்டுப் பத்து ஆண்டு பிடிக்கும். மூன்று ஆண்டுத் திட்ட நிதியால் அதை முடிக்க முடியாது. ஒருவர் ஓய்வுபெற்றதும் வரிசைகள் கைவிடப்படும் நிலைமை மாறத் தொடர் நிதியும் தொடர் பணியிடமும் வேண்டும்.

இவற்றில் ஒன்றை நாளையே தொடங்கலாம். அடுத்த ஓணத்துக்குக் கொடுக்கும் ஒவ்வொரு பயறுப் பொட்டலத்தின் மீதும் மூன்று விவரங்களை அச்சிடுங்கள்: எந்த நிலத்துக்கு, எந்தப் பருவத்துக்கு, எந்த ஊர் விதையிலிருந்து வந்தது. அச்சிட வேண்டும் என்றால் அதிகாரிகள் அந்தக் கேள்விகளைக் கேட்டாக வேண்டும். கேட்டால், பதிலில்லாத நிலங்கள் எவை என்று தெரிந்துவிடும். ஆராய்ச்சி அங்கிருந்து தொடங்கட்டும். விதை வாங்க வரும் ஒவ்வொருவரிடமும், உங்கள் வீட்டில் பழைய பயறு விதை இருக்கிறதா என்று கிருஷிபவன் கேட்கட்டும். இருந்தால் ஒரு பிடி வாங்கிக்கொண்டு, கொடுத்தவர் பெயரைப் பதிவேட்டில் எழுதட்டும். ஸ்ரீகாரியம் ஒரு ஜோதிகாவைக் கொடுத்தது. இன்னும் எத்தனை ஊர்கள் கொடுக்கக் காத்திருக்கின்றன என்பதை, வீட்டுமனைக் கல் நடப்படுவதற்கு முன் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.